மாலை ஆறு மணிக்கு ஒரு ஜீப்

சகோதரிகளே, குடியை விட்டவருக்கு ஒரு நாளில் எந்த நேரம் ரொம்பக் கஷ்டமானது தெரியுமா? ராத்திரி என்றுதான் பலரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. ராத்திரி மாத்திரை போட்டுத் தூங்கிவிடலாம். கஷ்டமெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான். வேலை முடிந்திருக்கும். கை சும்மா இருக்கும். கால் தன்னால் பழைய தெருப் பக்கம் திரும்பும். அந்த ஆறு மணியை எங்கள் வீட்டில் எப்படிக் கடந்தோம் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எழுதலாமா என்று என் கணவரிடம் கேட்டேன். "பேரைப் போடாம எழுது. நாலு வீட்டுக்கு உதவட்டும்" என்றார். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

எங்களுக்குப் போடிநாயக்கனூர். இவருக்கு ஏலக்காய் வியாபாரம். எங்கள் ஊரில் விடிவதற்கு முன்பே ஜீப் சத்தம் கேட்கும். தேவாரம், கம்பம் பக்கத்திலும் அப்படித்தான். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மலைக்குப் போகிற ஜீப்புகள் அவை. என் மாமனாரும் ஒரு ஜீப் வைத்திருந்தார். மலையில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் தோட்டத்துக்கு அதில்தான் போய் வருவார். 2011-ல் மாமா காலமானார். தோட்டமும் கைமாறிப் போயிற்று. ஜீப் மட்டும் பின்பக்கத் தகர ஷெட்டில் அப்படியே நின்றது. கோழி அதற்குள் முட்டையிட்டது. நான் அதன் மேல் வறட்டியும் விறகும் அடுக்கினேன். பழைய இரும்புக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து விலை கேட்பார். ஏதோ ஒரு காரணத்தால் ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போயிற்று.

ஆஸ்பத்திரி டாக்டர் கேட்ட கேள்வி

இவர் பத்து வருஷத்துக்கு மேல் தினமும் குடித்தவர். 2021 செப்டம்பரில் தானாகவே, "போதும்மா, என்னை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போ" என்றார். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்தவரை வீட்டில் வைத்துப் பூட்டி, ஒரே நாளில் நிறுத்தப் பார்க்காதீர்கள். கை நடுக்கம், வியர்வை, வாந்தி வரும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வலிப்பு வரலாம். இல்லாத பூச்சியும் ஆளும் கண்ணுக்குத் தெரியும். உயிருக்கே ஆபத்தாகிவிடும். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இவருக்கு பி1 வைட்டமின் ஊசியும், நடுக்கம் அடங்க மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்பது நாள் இருந்தோம்.

இன்னொன்று. 'அவருக்குத் தெரியாமல் காபியில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். டைசல்ஃபிராம் என்ற மாத்திரை ஒன்று இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உயிரே போகவும் கூடும். அது டாக்டர் பரிசோதித்து, சாப்பிடுகிறவர் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து. இவருக்கு அப்படித்தான் எல்லாம் விளக்கிச் சொல்லிக் கொடுத்தார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டர் என்னைத்தான் கேட்டார். "ஏம்மா, சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒன்பது வரைக்கும் இவர் கைக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டி.வி. பார்ப்பார் என்று சொல்ல வாய் வரவில்லை. இவர்தான் கொஞ்சம் நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கப்பா ஜீப்பு ஒண்ணு கெடக்கு சார்" என்றார்.

காரணமில்லாமலே தள்ளிப்போன வியாபாரம் அன்றைக்கு உதவியது பாருங்கள்!

டப்பாவில் விழுந்த காசு

ஜீப் என்றதும் எனக்கு முதலில் வந்தது பயம்தான். குடி தின்ற பணம் போதாதென்று இரும்பு வேறு தின்னுமோ? மகள் அப்போது பத்தாவது. மகன் மூன்றாவது. கடனும் இருந்தது.

அதனால் முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். தினம் குடிக்கும் தொடுகறிக்குமாக 250 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அந்த 250 ரூபாயை ஆறு மணிக்கு இவர் கையாலேயே பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். ஜீப்புக்கு வேண்டியது அந்த டப்பாவிலிருந்து மட்டும்தான். நகை, சீட்டுப் பணம், பிள்ளைகள் படிப்புப் பணம் எதையும் தொடக்கூடாது. டப்பா காலியானால் அது நிரம்பும் வரை துடைக்கிற வேலை, துரு சுரண்டுகிற வேலை மட்டும். கணக்கு நோட்டு என்னிடம்.

250 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாது. ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். 91,250 ரூபாய்! நோட்டில் அந்தக் கணக்கை இவரே போட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ஒரு போல்ட் வாங்குவதற்கு முன்னால் வேறு வேலையும் இருந்தது. ஆர்.சி. புத்தகம் மாமா பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்றிதழோடு அலைந்து இவர் பெயருக்கு மாற்றினோம். காலாவதியான பதிவுக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட என்ன வழி என்றும் கேட்டுக்கொண்டோம். பழைய வண்டியில் கை வைக்கிறவர்கள் காகிதத்தைச் சரி செய்யாமல் இரும்பில் பணத்தைக் கொட்டக்கூடாது.

வண்டியின் பூர்வீகம்

ஜீப் முதலில் பட்டாளத்துக்குப் பிறந்த வண்டி. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளுமாக 6 லட்சத்துக்கும் மேலே செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் அதுவே விவசாயிக்கும் தோட்டக்காரருக்கும் என்று மாறியது. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்க ஆரம்பித்து, பிறகு இங்கேயே செய்தது.

எங்களுடையது 1972-ல் வாங்கிய சி.ஜே. 3பி பெட்ரோல் ஜீப். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும். இந்த மாடலுக்கு பானெட் மட்டும் தூக்கலாக இருக்கும். ஏன் என்று மெக்கானிக் பாய்தான் சொன்னார். பெட்ரோலும் காற்றும் உள்ளே போகிற வால்வு இந்த எஞ்சினில் மேலே தலையில் இருக்கிறது. புகை வெளியே போகிற வால்வு பக்கத்தில் கீழே இருக்கிறது. அதனால் எஞ்சின் பழைய ஜீப்பைவிட உயரம். அதை மூட பானெட்டும் உயர்ந்துவிட்டது. நம் வீட்டில் குக்கர் உயரத்துக்கு அலமாரித் தட்டை ஏற்றி அடிக்கிறோமே, அதே கதைதான்!

பாய் என்றேனே, மாமா காலத்திலேயே இந்த ஜீப்பைப் பார்த்தவர். எழுபதைத் தாண்டியவர். வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்லுவார். கை வேலையெல்லாம் இவருடையது.

பத்து வருஷம் நின்றதில் எஞ்சின் இறுகிப் போயிருந்தது. நாலு பிளக்கையும் கழற்றி, அந்த ஓட்டை வழியே எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றச் சொன்னார் பாய். "ஊறட்டும் தம்பி. அவசரப்பட்டு அடிச்சுத் திருப்புனா உள்ள ஒடஞ்சு போகும். தெனம் சாயங்காலம் ஹேண்டிலப் போட்டு லேசா அசைச்சுப் பாரு. அசையலேன்னா விட்டுட்டு வந்துரு. நாளைக்குப் பாக்கலாம்."

தினம் ஆறு மணிக்கு முன்பக்கம் ஹேண்டிலைச் செருகி இவர் அசைத்துப் பார்ப்பார். அசையாது. எண்ணெய் விட்டுவிட்டு வந்துவிடுவார். பதினோராம் நாள் நாலு விரல் அகலம் திரும்பியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மதினி, "என்னமோ ஏதோ"ன்னு ஓடி வந்துவிட்டார்கள்.

எனக்கும் வேலை வந்தது. உபயோகமில்லாமல் கிடந்த அலுமினிய இட்லித் தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்துப் போல்ட், நட்டு, வாஷர். மேலே சீட்டு ஒட்டி, 'கார்புரேட்டர்', 'பெட்ரோல் பம்ப்', 'ரேடியேட்டர்' என்று மகள் எழுதி வைப்பாள். கழற்றின வரிசை மாறாமல் மாட்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. (அந்தத் தட்டு பிறகு அடுப்படிக்குள் வரக்கூடாது!)

ஷெட்டுக்கு நான் போட்ட சட்டம்

வீட்டோடு ஒட்டின ஷெட்டில் வண்டி வேலை நடந்தால், வீட்டுப் பெண் சில சட்டம் போட்டே ஆக வேண்டும். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கட்டாயம்.

முதலாவது, மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் குடிக்கிற தண்ணீர் பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கக்கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி வரும்போது அது நுரையீரலுக்குள் போனால் இன்னும் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். டியூப் வைத்து வாயால் உறிஞ்சி பெட்ரோல் எடுக்கிற வழக்கமும் கூடாது.

இரண்டாவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக்கூடாது. இரும்பு ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்கு அண்டையில் கட்டையும் வைத்த பிறகுதான்.

மூன்றாவது, மூடின ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடக்கூடாது. புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று வந்து ஆளையே சாய்த்துவிடும்.

நான்காவது, பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம், பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பெயிண்ட்டைத் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால்தான் தேய்க்க வேண்டும். பிரேக் டிரம்மில் இருக்கிற தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஷெட்டில் இடமில்லை. வேலை உடுப்பைத் தனி வாளியில் ஊற வைப்பேன். கைகால் கழுவாமல் குழந்தையைத் தூக்க விடமாட்டேன்.

ஐந்தாவது, பேட்டரி அமிலம். கண்ணில் தெறித்தால் வேறு வைத்தியம் பார்க்காமல், நிறைய நல்ல தண்ணீரை இருபது நிமிஷமாவது விட்டுக் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

ஒன்பது நாள் பூட்டின ஷெட்

எல்லாம் சுகமாகவே போயிற்று என்று எழுதினால் அது பொய். ஐந்தாவது மாசம், கம்பத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. அங்கே யாரோ, "இன்னிக்கு ஒரு நாள்தானப்பா" என்று ஊற்றிக் கொடுக்க, மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்த இவர் குடித்துவிட்டார். அன்றும் குடி, மறுநாளும் குடி. மகள் இவரோடு பேசவில்லை. டப்பாவில் காசு விழவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரிடம் போனோம். அவர் திட்டவில்லை. "வழுக்கி விழறது இந்த வியாதியில நடக்கறதுதான். விழுந்த எடத்துலயே படுத்துக்கிட்டாத்தான் தப்பு" என்றார். மாத்திரையை மறுபடி எப்போது, எப்படி ஆரம்பிப்பது என்று சொன்னார். ஆனால் இவர் ஷெட் பக்கமே போகவில்லை. "எங்கப்பா வண்டியத் தொட எனக்கு யோக்கியத இல்ல" என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்பது நாள் ஷெட் பூட்டியே கிடந்தது. இரும்புக்காரரை நானே கூப்பிட்டுவிடலாமா என்றுகூட மனசுக்குள் ஓடியது.

பத்தாம் நாள் பாய் வந்தார். புத்தி சொல்லவில்லை. நடந்ததைக் கேட்கவும் இல்லை. திண்ணையில் உட்காராமல் நேரே ஷெட்டுக்குப் போய், "தம்பி, எனக்குக் கை நடுங்குது. இந்த டிரம்மக் கொஞ்சம் புடி" என்று குரல் கொடுத்தார். இவர் எழுந்து போனார். அவ்வளவுதான். அன்று ராத்திரி ஒன்பதரை மணிக்குத்தான் சாப்பிட வந்தார். டப்பாவில் 250 ரூபாய் போட்டுவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை. பழைய ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை. ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலும் போய்விடும். மலைக்குப் போகிற வண்டிக்கு இதுதான் உயிர்நிலை. டப்பாவில் காசு சேரட்டும் என்று இரண்டு மாசம் காத்திருந்து, மாஸ்டர் சிலிண்டர் முதல் ரப்பர் வாஷர் வரை எல்லாம் புதுசாகவே போட்டோம். குழாயில் புகுந்த காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் சக்கரத்தண்டை நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். பெடலில் என்னை உட்கார வைத்தார்கள்.

"மிதி... மிதி... இப்பப் புடிச்சுக்கோ. நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காத."

சக்கரத்தடியிலிருந்து இவர் குரல் மட்டும் கேட்கும். நடுவில் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், செய்த வேலையெல்லாம் வீண். தொடை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். "விடு" என்றதும் விட்டேன். நாலு சக்கரத்துக்கும் இப்படியே. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இவர் சொன்னதை நானும், நான் செய்ததை இவரும் இவ்வளவு நம்பின சாயங்காலம் எனக்கு ஞாபகம் இல்லை.

பெயிண்ட் மட்டும் வீட்டில் அடிக்கவில்லை. டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்பிரிட், தின்னர் போன்றவற்றின் ஆவிகூட ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். இருமல் டானிக், வாசனைத் திரவியம் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கச் சொன்னார். அதனால் டிங்கர் வேலை, பட்டி, பெயிண்ட் மூன்றும் வெளியே பட்டறையில். மாமா வைத்திருந்த அதே பச்சை நிறம்.

2022 டிசம்பரில் எஞ்சின் பிடித்தது. பதினாலு மாசத்தில் டப்பாவிலிருந்து போனது ஒரு லட்சத்துச் சொச்சம். கடனில் ஒரு பைசா ஏறவில்லை. ஐம்பது வருஷம் தாண்டின வண்டிகளை, ஒரிஜினல் மாறாமல் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் சட்டம் வந்திருக்கிறது. 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு. ஆனால் அதைத் தினப்படி ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி மாதிரி காரியங்களுக்குத்தான். எங்களுக்கு ஓடுகிற வண்டிதான் வேண்டும் என்று, எஃப்.சி. காட்டி சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டோம்.

பொங்கல் லீவில் போடிமெட்டுக்குப் போனோம். பதினேழு கொண்டை ஊசி வளைவையும் மகன் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். மகள் முன் ஸீட்டில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். காதுகுத்துக்குப் பிறகு அவள் தானாகப் போய் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, ஜீப் இவர் குடியை நிறுத்தியது என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்தியது டாக்டரும், மருந்தும், வாராவாரம் போகிற ஏ.ஏ. கூட்டமும், எல்லாவற்றுக்கும் மேலே இவர் மனசும். குடிப்பவர்களின் வீட்டாருக்கென்றே அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. வாய்விட்டுப் பேச முடியாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். ஜீப் செய்தது ஒன்றே ஒன்று. அந்த மூன்று மணி நேரத்தைத் தன் மேல் தாங்கிக்கொண்டது.

உங்கள் வீட்டில் ஜீப் இருக்காது. ஓடாத தையல் மிஷின் இருக்கலாம், தாத்தா சைக்கிள் இருக்கலாம், பின்பக்கம் பத்தடி மண் இருக்கலாம். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். கைக்கு வேலை இருக்க வேண்டும். ஒரே நாளில் முடியாததாக இருக்க வேண்டும். அதற்கான பணம் பாட்டிலுக்குப் போன பணமாக மட்டும் இருக்க வேண்டும்.

"ஜீப்தான் முடிஞ்சிருச்சே, இனி என்ன செய்வாரு?" என்று மதினி கேட்டார்கள். அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய மொபெட் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது. போன வாரம்தான் இவர் அதைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தியிருக்கிறார். நான் இன்னொரு இட்லித் தட்டு தேடிக்கொண்டிருக்கிறேன்.